பழைய மடிக்கணினியும் பிறர் உரிமையும்



கல்லூரிகள் திறக்கும் காலம் வந்துவிட்டால், திண்டுக்கல்லில் பழைய கணினி விற்கும் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகள் மொத்தமாக விலைபோய், துடைத்துச் சீராக்கப்பட்டு இக்கடைகளை வந்தடைகின்றன. புதிதாக வாங்கினால் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ஆகும் பொருள் இங்கே பதினைந்தாயிரத்துக்குக் கிடைக்கும். பேகம்பூரில் எனக்குத் தெரிந்த பல குடும்பங்களில் பிள்ளைகளின் முதல் கணினி இவ்வாறு வந்ததே. இதில் குறையொன்றும் இல்லை. பயன்படும் பொருளை வீணாக்காமல் மறுபடி பயன்படுத்துவது நல்ல பழக்கம்.

பி.காம். சேர்ந்த என் மகளுக்கும் அப்படியொரு மடிக்கணினி வாங்கினோம். "எல்லாம் போட்டுத் தந்திருக்கேன் பாய், தனியா எதுவும் வாங்க வேண்டாம்" என்றார் கடைக்காரர். அந்த 'எல்லாம்' என்பதில் விண்டோஸ், ஆஃபீஸ், ஃபோட்டோஷாப், கணக்கெழுதும் டேலி ஆகிய நான்கும் அடங்கியிருந்தன. ரசீதில் மடிக்கணினியின் பெயரும் அதன் விலையும் மட்டுமே எழுதப்பட்டிருந்தன.

சில நாட்களுக்குப் பின், அமைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் ஒரு வரியைக் காட்டினாள். உங்கள் நிறுவனத்தின் சேவை வழியாக இந்த விண்டோஸ் செயல்படுத்தப்பட்டுள்ளது என்பது அதன் பொருள். "அத்தா, நமக்கு எந்த நிறுவனம்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் தெரிந்துகொண்டவற்றையும், அதையொட்டி எங்கள் வீட்டில் நடந்த உரையாடல்களையும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த ஒரு வரியின் பொருள்

ஆயிரக்கணக்கான கணினிகளை வைத்திருக்கும் நிறுவனங்கள் விண்டோஸ் உரிமத்தை மொத்தமாக வாங்குகின்றன. அங்குள்ள ஒவ்வொரு கணினியும் மைக்ரோசாஃப்டைத் தனித்தனியே அணுகுவதில்லை. நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு சேவைக் கணினி அவற்றுக்கு அனுமதி வழங்குகிறது. கே.எம்.எஸ். என்று அழைக்கப்படும் இம்முறையில் அனுமதி 180 நாட்களுக்குச் செல்லும். ஏழு நாட்களுக்கு ஒரு முறை கணினி தானாகவே அதைப் புதுப்பித்துக்கொள்ள முயலும்.

'கிராக்' எனப்படும் திருட்டுச் செயலிகளில் ஒரு வகை, இந்தச் சேவைக் கணினியைப் போல நடிப்பது. அது கணினிக்குள் ஒளிந்துகொண்டு, "நான்தான் உன் நிறுவனம், உனக்கு அனுமதி உண்டு" என்று சொல்லும். விண்டோஸ் அதை நம்பிவிடும். ஆக, இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரால் என் மகளின் மடிக்கணினி வாரந்தோறும் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. பிறர் பொருளை எடுப்பது ஒரு பாவம் என்றால், அதை மறைக்கச் சொல்லப்படும் பொய் இன்னொன்று.

ஆபத்து வேறொன்றும் இருந்தது. அந்தச் செயலி இருந்த கோப்புறையை மட்டும் சோதிக்காமல் விட்டுவிடும்படி ஆண்டிவைரசுக்கு விலக்கு கொடுக்கப்பட்டிருந்தது. வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டு, ஓர் அறையை மட்டும் பார்க்காதே என்று காவலாளிக்குச் சொல்வதைப் போன்றது இது. அந்த அறைக்குள் வேறு என்னென்ன நுழைந்திருக்கும் என்பதைக் கடைக்காரரும் அறியமாட்டார். வங்கிக் கடவுச்சொல்லும் வீட்டுப் பெண்களின் புகைப்படங்களும் இருக்கும் கணினியில் இது சிறிய விஷயம் அன்று.

நாட்டின் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் 63பி என்னும் பிரிவைச் சேர்த்தது. உரிமையின்றிப் படியெடுத்த மென்பொருளைத் தெரிந்தே பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அப்பிரிவு விதிக்கிறது. வணிக ஆதாயத்துக்காக இல்லாதபோது, நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்கு மிகாத அபராதம் மட்டும் விதிக்க இடமுண்டு. இதில் 'தெரிந்தே' என்ற சொல்தான் என் மனத்தில் நின்றது. அந்த வரியைப் படித்த பிறகு நாங்கள் அறியாதவர்கள் அல்லர்.

வீட்டில் எழுந்த வாதங்கள்

விஷயத்தைக் கேட்ட உறவினர்கள் சிரித்தார்கள். ஆளுக்கொரு நியாயமும் சொன்னார்கள். அவற்றை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. நம் எல்லோர் வீட்டிலும் எழக்கூடிய வாதங்கள் அவை.

"அவன் உலகப் பணக்காரன், முஸ்லிமும் இல்லை. அவனுக்கு என்ன குறைந்துவிடும்?" என்பது முதல் வாதம். பொருளுக்கு உரியவர் ஏழையா பணக்காரரா, நம்மவரா பிறரா என்று பார்த்து மார்க்கம் ஹராமை ஹலாலாக்குவதில்லை. ஒருவர் மற்றவரின் பொருளை முறைகேடாக உண்ணக்கூடாது, இரு தரப்பும் மனமொப்பிச் செய்யும் வணிகம் இருக்க வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம் தரும் கட்டளை. கணினி மென்பொருளைப் பற்றியே கேட்கப்பட்ட கேள்விக்கு, சவூதி அரேபியாவின் நிரந்தர ஃபத்வாக் குழு, உரிமையாளர் தடுத்திருக்கும்போது அவருடைய அனுமதியின்றிப் படியெடுப்பது கூடாது என்று விடையளித்துள்ளது. உரிமையாளர் முஸ்லிமாக இருந்தாலும், நம்முடன் போரில் இல்லாத பிற சமயத்தவராக இருந்தாலும் சட்டம் ஒன்றே என்றும் அது கூறுகிறது. அதுவுமின்றி, எங்கள் மடிக்கணினியில் இருந்த டேலி வெளிநாட்டாருடையது அன்று. 1986இல் தொடங்கப்பட்டு, பெங்களூரிலிருந்து இயங்கும் இந்திய நிறுவனம் அது.

"படியெடுத்தால் மூலப்பொருள் அங்கேயேதானே இருக்கிறது? இது எப்படித் திருட்டாகும்?" என்பது இரண்டாம் வாதம். இது சற்று ஆழமானது. கையால் தொடமுடியாத உரிமையைச் சொத்தாகக் கருதலாமா என்பதில் ஆலிம்களிடையேகூட ஒரு காலத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. ஒரு பொருளால் கிடைக்கும் பயனையும் ஷாஃபிஈ மத்ஹப் சொத்தாகவே கருதுகிறது. ஹனஃபி மத்ஹபின் பழைய அறிஞர்கள், சொத்து என்பது கையில் பிடித்துச் சேர்த்து வைக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்றனர். அதனால் நூலுரிமையை விற்பதில் இந்தியத் துணைக்கண்டத்து ஆலிம்கள் சிலர் தயங்கினர். பின்னர், வணிக வழக்கில் மதிப்புப் பெற்றுவிட்ட உரிமைகளைச் சொத்தாக ஏற்கலாம் என்ற கருத்து ஹனஃபி அறிஞர்களிடையேயும் வலுப்பெற்றது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர், வணிகச் சின்னம் ஆகியவற்றின் உரிமைகள் ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றை மீறக்கூடாது என்று தீர்மானித்தது.

இதைப் புரிந்துகொள்ளத் திண்டுக்கல்காரர்களாகிய நமக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. அந்தக் குறியீடு எதைக் காக்கிறது? வேறோர் ஊரில் செய்த பூட்டில் திண்டுக்கல் பெயரைப் பொறித்து விற்றால், நாகல் நகர்ப் பட்டறையிலிருந்து ஒரு பூட்டும் காணாமற்போவதில்லை. ஆயினும், அரத்தால் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொரு பூட்டுக்கும் நெம்புகோல் பொருத்தும் தொழிலாளியின் கூலி குறைகிறது. கையால் தொடமுடியாத அந்தப் பெயருக்கு உரிமை உண்டு என்று நம் ஊருக்காகக் கேட்ட நாம், பிறருடைய உழைப்பு என்று வரும்போது மட்டும் இல்லையென்று சொல்வது எப்படி நீதியாகும்? அளவை நிறுவை விஷயத்தில், வாங்கும்போது நிறைவாகவும் கொடுக்கும்போது குறைவாகவும் அளப்போரைக் குறித்துத்தான் அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயம் எச்சரிக்கிறது.

இந்த நட்டம் நம்மவர்களையும் தொடுகிறது. பல ஆண்டுகள் உழைத்து வெளியிட்ட மார்க்க நூல்களை யாரோ ஒளிநகல் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பிவிட, அடுத்த பதிப்புக்குப் பணமின்றி நிற்கும் சிறு பதிப்பகத்தாரின் மனக்குறையை அறிந்தவர்கள் இதை உணர்வார்கள்.

"படிக்கிற பிள்ளை, வசதியில்லை. நிர்ப்பந்தம் என்றால் கூடும்தானே?" என்பது மூன்றாம் வாதம். இதற்கு விடையாக என் நினைவில் வந்தது மதீனாவின் ரூமா கிணறு. ஹிஜ்ரத் செய்து வந்த முஸ்லிம்களுக்கு நல்ல குடிநீர் கிடைப்பது அரிதாக இருந்தது. ரூமா கிணற்றின் நீர் சுவையானது, ஆனால் விலை கொடுத்தே பெற வேண்டியிருந்தது. தண்ணீரைவிடப் பெரிய தேவை எது? ஆயினும் அங்கே எவரும் சுவரேறிக் குதிக்கவில்லை. உரிமையாளரிடமிருந்து அதை வாங்கி மக்களுக்கு அளிப்போருக்குச் சுவனத்தில் நற்கூலி உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆர்வமூட்டினார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் தம் செல்வத்தால் அக்கிணற்றை வாங்கி, அனைவருக்கும் பொதுவாக்கினார்கள். உரிமையும் காக்கப்பட்டது, தாகமும் தீர்ந்தது.

கணினியிலும் ரூமா கிணறுகள் உண்டு என்பதுதான் நாங்கள் கண்ட நல்ல செய்தி. லினக்ஸ், லிப்ரே ஆஃபீஸ், கிம்ப், இங்க்ஸ்கேப் போன்றவற்றை ஆக்கியவர்கள், யாரும் பயன்படுத்தலாம், படியெடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று உரிமத்திலேயே எழுதித் தந்துவிட்டார்கள். அவற்றைப் படியெடுத்துக் கொடுப்பதும் உரிமையாளரின் மனமொப்பிய செயலே. மாற்று வழி இத்தனை அருகில் இருக்கும்போது நிர்ப்பந்தம் என்ற வாதம் நிற்பதில்லை.

நாங்கள் செய்தது

முதலில் கடைக்குச் சென்று பேசினேன். அவர் கோபிக்கவில்லை. "வர்ற மெஷின் எல்லாத்துக்கும் ஒரே பென்டிரைவ்லதான் போடுறோம் பாய். விண்டோஸ் இல்லாமக் கொடுத்தா யாரும் வாங்க மாட்டாங்க. லினக்ஸ் கேட்டா போட்டுத் தருவேன், கேக்கத்தான் ஆள் இல்ல" என்றார். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட நிகழ்ச்சியை (முஸ்லிம்) அவரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். விற்பவர் சொல்ல வேண்டும் என்பது மார்க்கம். வாங்குபவர் கேட்டால் அது இன்னும் எளிதாகும்.

அடுத்து, மடிக்கணினியை முழுவதும் அழித்துவிட்டு, மைக்ரோசாஃப்டின் இணையதளத்திலிருந்தே விண்டோசை இறக்கி நிறுவினோம். அப்போது வியப்பான ஒன்று தெரிந்தது. அது எந்தக் குறியெண்ணும் கேட்காமல் தானாகவே முறைப்படி செயல்பட்டது. விண்டோஸ் 8 வந்த காலம் முதல், தயாரிப்பாளர் விண்டோசுடன் விற்கும் கணினிகளின் உரிமக் குறியெண் தாய்ப்பலகையிலேயே பதிந்து வருகிறது. அவ்வுரிமம் கணினியைச் சார்ந்தது. கணினி கைமாறினால் அதுவும் உடன் செல்லும். முதலில் வாங்கிய நிறுவனம் விலை கொடுத்துப் பெற்ற ஹலாலான உரிமம் உள்ளேயே இருக்க, அதன்மேல் ஒரு திருட்டுப் படியைப் போட்டு விற்றிருக்கிறார்கள்! ஆகவே, பழைய கணினி வாங்கியவர்கள் முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் 7 காலத்துக் கணினியாயின், அடிப்புறத்தில் உரிமச் சீட்டு ஒட்டியிருக்கும். ஆனால் விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியும் வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் நல்ல புகலிடம்.

ஆஃபீசுக்குப் பதிலாக லிப்ரே ஆஃபீஸ் நிறுவினோம். கல்லூரிக் கட்டுரைகளுக்கும் கணக்குத் தாள்களுக்கும் அது தாராளமாகப் போதும். தமிழ் 99 விசைப்பலகையும் யூனிகோடு எழுத்துருக்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஃபோட்டோஷாப்பின் இடத்துக்கு கிம்ப் வந்தது. பழக ஒரு மாதம் ஆயிற்று, மகள் முணுமுணுக்கவும் செய்தாள். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸையும் சேர்த்தே தந்தார்கள். சென்னை சி-டாக் உருவாக்கியது அது. எங்கள் உறவினர் பிள்ளைகளில் ஒருவர்கூட அதைத் திறந்து பார்த்ததில்லை. வீட்டு வாசலில் இருந்த கிணற்றில் நீர் மொள்ளாமல் இருந்திருக்கிறோம்.

எஞ்சியது டேலி. படிப்பதற்கு அதில் 'கல்வி முறை' என்றொரு வழி உண்டு. உரிமம் வாங்காமலே அதைப் பயன்படுத்தலாம். மாதத்தின் குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டுமே பதிவெழுத முடியும். பாடம் பயில அது போதும்.

சோதனை வந்தது படிப்பில் அன்று, வருமானத்தில். எங்களுக்கு மாமா முறை வேண்டிய தோல் வியாபாரி ஒருவர், தம் கணக்குகளை வீட்டிலிருந்தே டேலியில் எழுதித் தந்தால் மாதம் மூவாயிரம் தருவதாக மகளிடம் சொல்லியிருந்தார். அவளுடைய பேருந்துச் செலவுக்கும் புத்தகங்களுக்கும் அது போதுமானது. கல்வி முறையில் பிறர் கணக்கை எழுத முடியாது. உரிமம் வாங்கும் அளவுக்கு எங்களிடம் பணமில்லை. வியாபாரியும் அதை வாங்க விரும்பவில்லை. "ஊரே அப்படித்தானே செய்யுது பாப்பா" என்றார்.

பள்ளிவாசல் இமாம் அவர்களிடம் சென்று கேட்டோம். உழைப்புக்கான கூலி ஒன்று, அதற்குப் பயன்படுத்திய கருவியின் குற்றம் வேறொன்று என்று அவர் விளக்கினார். பறித்தெடுத்த நிலத்தில் ஒருவர் தொழுதால் தொழுகை நிறைவேறிவிடும், ஆனால் நிலத்தைப் பறித்த பாவம் அவரைவிட்டு நீங்காது என்று பெரும்பாலான ஃபிக்ஹ் அறிஞர்கள் கூறியிருப்பதை எடுத்துக்காட்டினார். ஹன்பலி மத்ஹபில் அத்தொழுகையே கூடாது என்ற கருத்தும் உண்டு என்றார். "ஏற்கெனவே இப்படிச் சம்பாதித்தவர்களுக்கு வழி இருக்கிறது. அந்தக் கருவியை விட்டுவிட்டு, தவ்பாச் செய்து, உரியவருக்கு உரியதைச் சேர்க்க வேண்டும். இனிமேல் தொடங்கப்போகிறவருக்கு, தொடங்காமல் இருப்பதே எளிது" என்றார்.

முடிவை நான் சொல்லவில்லை. மகள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, வியாபாரியிடம் தானே போய், லிப்ரே ஆஃபீசின் கணக்குத் தாளில் எழுதித் தர முடியும், டேலியில் வேண்டுமென்றால் உரிமம் வாங்கிய கணினியில் எழுதித் தருகிறேன் என்று சொன்னாள். அவர் வேறொருவரை அமர்த்திக்கொண்டார். பிறகு தெரு மளிகைக்கடையின் கணக்கைக் கணக்குத் தாளில் எழுதும் வேலை கிடைத்தது. மாதம் ஆயிரம் ரூபாய். மூவாயிரத்துக்கு அது ஈடில்லை என்பது உண்மை. பேருந்துச் செலவு போக, புத்தகம் வாங்க இன்னும் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. ஹலாலைத் தேடுவதில் சில வேளை இழப்பு உண்டு என்பதை நம் பிள்ளைகளிடம் மறைக்கத் தேவையில்லை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை மறைக்காதிருந்தால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் உண்டு என்ற நபிமொழி (புகாரி, முஸ்லிம்) அந்த ஆயிரத்துக்கும் பொருந்தும் என்று நம்புகிறோம்.

நம் வீடுகளும் ஜமாஅத்தும்

பிற அடியார்களின் உரிமைகள், அதாவது ஹக்குல் இபாத், உரியவர் பொறுத்துக்கொள்ளாத வரை நம்மீதே நிற்கும் என்று ஆலிம்கள் எச்சரிக்கிறார்கள். இறைச்சி ஹலாலா என்று இருமுறை கேட்டு வாங்கும் நாம், பிள்ளைகள் நாள்தோறும் கைவைக்கும் கருவியைப் பற்றியும் ஒரு முறை கேட்கலாம். பழைய கணினி வாங்கும்போது, "இதில் விண்டோஸ் உரிமம் உண்டா? இல்லையென்றால் லினக்ஸ் போட்டுத் தாருங்கள்" என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. பத்துப் பேர் கேட்டால் கடைக்காரரின் பென்டிரைவே மாறிவிடும்.

மஹல்லா ஜமாஅத் அலுவலகத்தில் நிக்காஹ் பதிவேடு எழுதும் கணினியையும், மக்தப் மதரஸாவில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதுதலைக் கேட்பிக்கும் கணினியையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. லினக்ஸ் தெரிந்த இளைஞர்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் இவற்றைப் பற்றித் தமிழிலேயே எளிதாக எழுதி வருகிறது. விடுமுறை நாளொன்றில் பள்ளிவாசல் வளாகத்தில் அமர்ந்து, நம் மக்களின் பழைய கணினிகளைச் சுத்தம் செய்து கொடுத்தால், அதுவும் ஒரு கிணறு வெட்டிய நன்மையே, இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! நீ ஹலாலாக்கியதைக் கொண்டு எங்களைத் தன்னிறைவு பெறச் செய்து, நீ ஹராமாக்கியதை விட்டும் எங்களைக் காப்பாயாக. எங்கள் பிள்ளைகளின் கல்வியிலும் அவர்களின் சிறு சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்வாயாக. ஆமீன்.